‘மன அழுத்தமா?’ன்னு கேட்டா ‘எனக்கு பிரஷர் இல்லப்பா’ங்கிறாங்க

போன வருஷம் கோலாலம்பூர் (நம்ம வாய்ல கேஎல்) செந்தூல்ல எங்க பிளாட் ஆளுங்க நாலஞ்சு பேரு சேர்ந்து ஒரு போஸ்டர் பண்ணோம், கோயில் மண்டபத்துல ஒட்டவும் வாட்ஸ்அப்ல அனுப்பவும். ஊதா கலரு, ஒரு பொண்ணு தலைய ரெண்டு கையாலயும் புடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கிற படம் (இந்தப் படம் இல்லாம மனநல போஸ்டரே போடக்கூடாதுன்னு எங்கயோ சட்டம் இருக்கு போல), மேல கொட்டை எழுத்துல ‘மன அழுத்தமா? தயங்காமல் அழையுங்கள்’. எங்களுக்கு ரொம்ப திருப்தி. ஒட்டறதுக்கு முன்னாடி யார்கிட்டயாச்சும் காட்டிப் பாப்போமேன்னு கீழ்வீட்டு ஆன்ட்டிகிட்ட கொண்டு போனேன். கண்ணாடிய மாட்டிக்கிட்டு பொறுமையா படிச்சாங்க. படிச்சிட்டு சொன்னாங்க, ‘எனக்கு பிரஷர்லாம் இல்லப்பா, இனிப்பு நீர் (சர்க்கரை) மட்டுந்தான். போன மாசம் கிளினிக்ல பாத்தப்ப கூட நார்மல்னுதான் சொன்னாங்க.’

எனக்கு சிரிப்பு வந்துச்சு, அப்புறம் சிரிப்பு நின்னு போச்சு. ஏன்னா அங்கிள் தவறி எட்டு மாசமா அவங்க ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்தா திரும்பத் தூங்கறது இல்ல, சமைக்கறது பாதி நாள் கெடையாது, மாரியம்மன் கோயிலுக்கு வெள்ளிக்கிழமை தவறாம போனவங்க இப்ப வாசல் படிய தாண்டறது இல்ல. அந்த போஸ்டரே அவங்கள மாதிரி ஒருத்தருக்குத்தான், ஆனா அவங்களுக்கே அது தனக்கில்லன்னு தோணிருச்சு.

அதுக்கப்புறம்தான் இந்த விஷயத்த கொஞ்சம் தோண்டிப் பாக்க ஆரம்பிச்சேன். நெட்ல மனநலத்தைப் பத்தி தமிழ்ல ஒண்ணுமே இல்லன்னு இப்ப யாரும் சொல்ல முடியாது, கொட்டிக் கெடக்குது. ஆனா அதுல எவ்வளவு நம்ம மலேசிய தமிழ் ஆளுக்கு உதவும்னு பாத்தா அது வேற கதை.

மொதல்ல வார்த்தைய எடுத்துக்குவோம். ஸ்ட்ரெஸ், டிப்ரஷன் ரெண்டும் ஒண்ணு இல்ல. வேலைல டெட்லைன், வீட்டுக் கடன், புள்ள எஸ்பிஎம் பரீட்சை எழுதுது, இதெல்லாம் ஸ்ட்ரெஸ், காரணம் தீந்தா பெரும்பாலும் அதுவும் குறையும். டிப்ரஷன்ங்கிறது ரெண்டு வாரத்துக்கு மேல கிட்டத்தட்ட தினமும் மனசு சோந்து கெடக்கறது, புடிச்சது எதுவும் புடிக்காம போறது, அதோட தூக்கம், பசி, ஒடம்புல தெம்பு, கவனம் எல்லாம் மாறிப் போறது. தமிழ்ல முறையா எழுதறவங்க ஸ்ட்ரெஸ்ஸுக்கு மன அழுத்தம், டிப்ரஷனுக்கு மனச்சோர்வுன்னு பிரிச்சு எழுதறாங்க. ஆனா பேப்பர்லயும் யூடியூப்லயும் ரெண்டுக்கும் மன அழுத்தம்தான். இதுல அழுத்தம்னாலே நம்ம வீடுகள்ல இரத்த அழுத்தம், பிரஷர்னாலே மாத்திரை டப்பா. போதாக்குறைக்கு நம்ம ஊர்ல கிளினிக்குக்குப் போனா பாரம் (ஃபார்ம்) மலாய்ல இருக்கும், அங்க டிப்ரஷனுக்கு ‘கெமுருங்கான்’, ஸ்ட்ரெஸ்ஸுக்கு ‘தெக்கானான்’. தெக்கானானும் அழுத்தம்தான், ‘தெக்கானான் டாரா’ன்னா மறுபடி பிரஷர்தான்! ஆக ஒரு தமிழாளு வீட்ல ஒரு வார்த்தை, வீடியோல ஒரு வார்த்தை, கவுன்ட்டர்ல ஒரு வார்த்தைன்னு மூணுக்கும் நடுவுல அல்லாடணும். எழுதறவங்க மூணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ‘கிளினிக்ல இத கெமுருங்கான்னு சொல்லுவாங்க’ன்னு ஒரே ஒரு வரி போட்டா போதும், ஆனா அந்த வரிய தமிழ்நாட்டு வீடியோ போடாது, போட வேண்டிய அவசியமும் அதுக்கு இல்ல.

ஸ்கிசோஃப்ரினியாவுக்கு நாம வெச்சிருக்கற மனச்சிதைவுங்கற பேரும் அப்படித்தான், கேட்டாலே மனசு தூள் தூளாப் போச்சு இனி ஒட்டாதுன்னு ஒரு பயம் வருது. ஜப்பான்ல இதே பிரச்சனை இருந்துச்சு, அவங்க பேரும் ‘மனப்பிளவு நோய்’ங்கற மாதிரிதான், நோயாளிங்க குடும்பத்து ஆளுங்க கேட்டுக்கிட்டதால 2002ல பேரையே மாத்திட்டாங்க. மாத்தினதுக்கப்புறம் நோயாளிகிட்ட ‘உங்களுக்கு இன்ன நோய்’னு வெளிப்படையா சொல்ற டாக்டருங்க கூடிட்டாங்க. பேருல என்ன இருக்குன்னு கேக்கறவங்களுக்கு இத சொல்லலாம்.

அதோட நம்ம ஆளுங்க யாரும் வந்து ‘எனக்கு மனச்சோர்வா இருக்கு’ன்னு சொல்றது இல்ல. ‘மனசு சரியில்ல’, ‘நெஞ்சு படபடன்னு அடிக்குது’, ‘ஒடம்பெல்லாம் அசதி’, ‘தல கிறுகிறுன்னு வருது’, ‘எதுலயும் புடிப்பு இல்ல’, இல்லன்னா நேரா ‘யாரோ என்னமோ செஞ்சு வெச்சிட்டாங்க’. தேடும்போதும் அந்த வார்த்தையிலதான் தேடுவாங்க. நெஞ்சு படபடப்புன்னு தேடினா ஹார்ட் அட்டாக் வீடியோவும் கசாய வீடியோவும்தான் வரிசையா வரும், பேனிக் அட்டாக்னு, திடீர்னு பயம் புடிச்சு நெஞ்சு அடிச்சிக்கறது ஒண்ணு இருக்குங்கறது அம்பதாவது வீடியோல வந்தா உண்டு. (நெஞ்சு வலி புதுசா வந்தா மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போயி இதயத்தப் பாக்கறதுதான் சரி, அதுல சந்தேகமே வேண்டாம். எல்லாம் சரியா இருக்குன்னு சொல்லியும் திரும்பத் திரும்ப வருதுன்னா, அப்ப பேனிக்கான்னு பாக்கலாம்.)

இது பெரியவங்க கதை. சின்னப் பசங்க கதை தலைகீழ். எங்க அக்கா மவன், பதினேழு வயசு, ஒருநாள் தே தாரேக் குடிச்சிட்டு இருக்கும்போது ‘மாமா எனக்கு ஏடிஎச்டி’ங்கறான், அதாவது கவனம் நிக்காம அலைபாயற கோளாறு. யாருடா சொன்னான்னா டிக்டாக். என்ன சொல்லுச்சுன்னா, சாவிய எங்கயாவது வெச்சிட்டுத் தேடுவீங்களா, பாடம் படிக்கும்போது போன எடுப்பீங்களா, ஒரே பாட்ட நூறு தடவ கேப்பீங்களா. டேய், இதுல எனக்கும் மூணுக்கு மூணுடா!

கேலி பண்றதுக்காக சொல்லல, இதுக்குப் பின்னாடி நடக்கறத புரிஞ்சிக்கணும். 1948ல அமெரிக்காவுல பெர்ட்ரம் ஃபோரர்னு ஒரு பேராசிரியர் தன்னோட மாணவருங்க 39 பேருக்கு ஒரு டெஸ்ட் வெச்சு, ‘இது உன் குணத்தப் பத்தி எழுதினது’ன்னு ஆளுக்கு ஒரு தாள் குடுத்தாரு. எவ்வளவு பொருத்தமா இருக்குன்னு 5க்கு மார்க் போடச் சொன்னா சராசரி 4.26 போட்டாங்க. எல்லாருக்கும் குடுத்தது ஒரே தாள், பாதிக்கு மேல சோசிய புத்தகத்துலருந்து எடுத்த வரிங்க. நம்ம பத்திரிகைல ‘இந்த வாரம் கன்னி ராசிக்காரர்களுக்கு எதிர்பாராத செலவு’ன்னு போட்டா எந்த ராசிக்காரனுக்குத்தான் பொருந்தாது? அறிகுறி வீடியோ நெறைய இந்த ராசிபலன் மாதிரிதான் ஓடுது, யாருக்கும் பொருந்தற மாதிரி எழுதினாத்தான் நெறைய பேரு ‘ஐயோ இது நான்தான்’னு ஷேர் பண்ணுவாங்க. ஒண்ண முழுசா பாத்துட்டீங்கன்னா அடுத்த பத்து தானா வரும், அதுக்கப்புறம் பாக்கற எடமெல்லாம் அதுவாத்தான் தெரியும். கனடாவுல 2022ல ஒரு ஆய்வு வந்துச்சு, டிக்டாக்ல ரொம்ப பேரு பாத்த ஏடிஎச்டி வீடியோ 100 எடுத்துப் பாத்திருக்காங்க, அதுல 52 தப்பா வழிகாட்டற வகை, 27 சொந்த அனுபவம், உருப்படியா தகவல் சொன்னது 21.

ஆனா அந்தப் பையன் சும்மா சொல்றான்னும் தள்ளிட முடியாதுல்ல. ஏடிஎச்டின்னா சாவி தொலையறது இல்ல, பன்னெண்டு வயசுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருக்கணும், ஸ்கூல், வீடுன்னு ஒரு எடத்துல இல்லாம ரெண்டு மூணு எடத்துல தெரியணும், வாழ்க்கைய நெசமாவே கெடுக்கணும். இந்த மூணு கேள்விய அந்த வீடியோவோட கடைசியில சேத்திருந்தா அவனே பாதி முடிவுக்கு வந்திருப்பான். அறிகுறிய சொல்றது தப்பு இல்ல, ‘எவ்வளவு நாளா, எவ்வளவு கடுமையா, எது எதைக் கெடுக்குது’ன்னு அளவுகோல சொல்லாம விடறதுதான் தப்பு.

அடுத்தது ஆன்லைன் டெஸ்ட். அரசாங்கத்தோட மைசெஜாத்ரா ஆப்லயே மனநல ஸ்கிரீனிங் இருக்கு, அரசாங்க கிளினிக்கான கிளினிக் கெசிஹாத்தான்லயும் பாரம் குடுப்பாங்க. அடிக்கடி பாக்கறது ரெண்டு. ஒண்ணு டாஸ் 21, டிப்ரஷன், பதட்டம், ஸ்ட்ரெஸ் மூணையும் அளக்கறது, ஆஸ்திரேலியாவுல செஞ்சது, 21 கேள்வி, போன ஒரு வாரத்தப் பத்தி. இன்னொண்ணு பிஎச்கியூ 9, டிப்ரஷனுக்குன்னு ஒம்பது கேள்வி, போன ரெண்டு வாரத்தப் பத்தி, மொத்தம் 27 மார்க், 10ஓ அதுக்கு மேலயோ வந்தா கவனிக்கணும்னு ஒரு கோடு. ஓசில கெடைக்குது, நல்லா சோதிச்சுப் பாத்த கருவிங்கதான், நான் குறை சொல்லல. ஆனா ரிசல்ட்ட எப்படி படிக்கறதுன்னு யாரும் சொல்றது இல்ல. 2001ல வந்த ஆய்வுல, நெசமாவே டிப்ரஷன் இருக்கறவங்கள்ல நூத்துக்கு 88 பேர இந்த 10ங்கற கோடு புடிக்கும், இல்லாதவங்கள்ல 88 பேர சரியா விட்டுடும்னு வந்துச்சு. கேக்க பிரமாதமா இருக்கு. இப்ப ஒரு கணக்கு போடுங்க. ஒரு தாமான்ல (குடியிருப்புல) 1000 பேரு, ஒரு பேச்சுக்கு 50 பேருக்கு டிப்ரஷன்னு வெச்சுக்குவோம். அந்த 50ல 44 பேரு மாட்டுவாங்க. மிச்சம் 950 பேர்ல நூத்துக்கு 12 பேரு தப்பா மாட்டுவாங்க, அது 114. ஆக மொத்தம் 158 பேருக்கு செவப்பு கலர்ல ரிசல்ட் வரும், அதுல நெசமா இருக்கறது 44, நாலுல ஒண்ணுக்குக் கொஞ்சம் மேல. அந்த 114 பேரும் ஜாலியா இருக்காங்கன்னு அர்த்தம் இல்ல, தூக்கம் இல்லாம, துக்கத்துல, தைராய்டு கோளாறுல கூட இருக்கலாம். டெஸ்ட் ‘போயி பேசு’ன்னு சொல்லுது, ‘உனக்கு இந்த வியாதி’ன்னு சொல்லல. இத ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஸ்டேட்டஸ் போடறவங்க கவனிக்கணும்.

இதே குழப்பம்தான் நம்ம வாட்ஸ்அப் குரூப்ல சுத்தற புள்ளிவிவரத்துலயும். ‘மலேசியாவில் மூன்றில் ஒருவருக்கு மனநோய்’னு ஒண்ணு வருஷக் கணக்கா சுத்துது. அது சுகாதார அமைச்சோட 2015 தேசிய ஆய்வுலருந்து வந்தது, 16 வயசும் அதுக்கு மேலயும் உள்ளவங்கள்ல 29.2 சதவீதம்னு வந்துச்சு. அப்ப கேட்டது பொதுவா மனசு எவ்வளவு தத்தளிக்குதுங்கற 12 கேள்வி. 2019லயும் 2023லயும் டிப்ரஷன மட்டும் தனியா அளந்தாங்க, அப்ப 2.3, அப்புறம் 4.6 சதவீதம், கிட்டத்தட்ட பத்து லட்சம் பேரு. இதப் பாத்துட்டு ஒருத்தர் ‘29லருந்து 4க்கு வந்துருச்சு, நாடு முன்னேறிடுச்சு’ன்னு எழுதறாரு! அளவுகோலு வேறங்க. ஒரே அளவுகோல்ல பாத்தா 2019லருந்து 2023க்குள்ள இரட்டிப்பாயிருக்கு, அதான் சேதி.

சரி, இதெல்லாம் இருக்கற தகவல்ல உள்ள கோளாறு. எனக்கு பெரிய குறையா படறது இல்லாத தகவல். டிப்ரஷன்னா என்னன்னு ஆயிரம் வீடியோ இருக்கு, கதவத் தொறந்து உள்ள போனா என்ன நடக்கும்னு சொல்ல ஆளக் காணோம். கீழ்வீட்டு ஆன்ட்டிகிட்ட கடைசியா ஒருவழியா விஷயத்த புரிய வெச்சதுக்கப்புறம் அவங்க கேட்டது எதுவும் நோயப் பத்தி இல்ல. எங்க போகணும், எவ்வளவு காசு, தமிழ்ல பேசுவாங்களா, என்ன அங்கயே படுக்க வெச்சிருவாங்களா, மவனுக்குத் தெரியுமா, ஐசில (அடையாள அட்டைல) ஏறிடுமா. ஆறு கேள்வி. எங்க ஊதா கலர் போஸ்டர்ல ஆறுல ஒண்ணுக்குக் கூட பதில் இல்ல.

பதில் ஒண்ணும் ரகசியம் இல்ல. பக்கத்துல இருக்கற அரசாங்க கிளினிக் கெசிஹாத்தானுக்கு ஐசிய எடுத்துக்கிட்டுப் போலாம், குடிமக்களுக்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்). நம்பர் எடுத்து உக்காந்து, உள்ள போயி டாக்டர்கிட்ட ‘தூக்கம் இல்ல, மனசு சரியில்ல, எட்டு மாசமா’ன்னு இவ்வளவு சொன்னா போதும். பாரம் குடுப்பாங்க, மலாய் படிக்க வரலன்னா சொல்லிடுங்க, நர்ஸ் யாராச்சும் வாசிச்சுக் காட்டுவாங்க, இல்ல வீட்டு ஆளக் கூட்டிட்டுப் போங்க. (ஆனா புருஷனப் பத்தி சொல்ல வேண்டிய விஷயத்த புருஷன வெச்சு மொழிபெயர்க்கச் சொல்லாதீங்க, இது நெசமாவே நடக்குது.) லேசா இருந்தா அங்கயே பாப்பாங்க. தேவைப்பட்டா ஆஸ்பத்திரி சைக்கியாட்ரி (மனநல) கிளினிக்குக்கு லெட்டர் தருவாங்க, அரசாங்க லெட்டரோட போனா மொத தடவ 5 வெள்ளி, தனியார் கிளினிக் லெட்டரோட போனா 30. மருந்தும் அதுக்குள்ளயே. கேஎல்னா எச்கேஎல், அதாவது கோலாலம்பூர் பெரியாஸ்பத்திரி, பினாங்குன்னா பினாங்கு பொது மருத்துவமனை, ரெண்டுலயும் சைக்கியாட்ரி பிரிவு இருக்கு. காத்திருக்கணும், அதையும் சொல்லிடறது நல்லது, சொல்லாம விட்டா ஆளுங்க மொத நாளே வெறுத்துப் போயி திரும்பிடுவாங்க. 2018 கணக்குப்படி நாடு முழுக்க 410 சைக்கியாட்ரிஸ்ட்தான், ஒரு லட்சம் பேருக்கு ஒருத்தருக்குக் கொஞ்சம் மேல, அதுலயும் கேஎல்லச் சுத்தின கிள்ளான் பள்ளத்தாக்குல குவிஞ்சு கெடக்கறாங்க.

படுக்க வெச்சிருவாங்களாங்கற பயம் எங்கருந்து வருதுன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். தஞ்சோங் ரம்புத்தான். சின்ன வயசுல யாராச்சும் கொஞ்சம் கோணலா பேசினா ‘இவன தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்புங்க’ன்னு சிரிப்போம், தோட்டத்துல வளந்தவங்களுக்கு இது இன்னும் நல்லா தெரியும். 1911லருந்து அங்க இருக்கற ஆஸ்பத்திரி, இப்ப பேரு ஹாஸ்பிட்டல் பஹாகியா, அதாவது சந்தோஷம், ஆனா அந்த ஊர் பேரே வசவா போயிடுச்சு. அந்த ஒரு எடம்தான் மனநல வைத்தியம்னு மண்டைல பதிஞ்சு போனதால கிளினிக்குல ஒரு வெள்ளிக்கு விஷயம் முடியும்னு யாரும் நெனைக்கறதே இல்ல. உண்மை என்னன்னா பெரும்பாலானவங்க வந்துட்டு மருந்த வாங்கிட்டு, மாமாக் கடையில ரோட்டி சானாய் சாப்ட்டுட்டு வீட்டுக்குப் போறவங்கதான்.

ஐசில ஏறாது. மருத்துவக் குறிப்பு ஆஸ்பத்திரில இருக்கும், உங்க சம்மதம் இல்லாம டாக்டர் மொதலாளிகிட்டயோ மவன்கிட்டயோ சொல்லக் கூடாது, உங்க உசுருக்கோ வேற யார் உசுருக்கோ ஆபத்துன்னா மட்டும் விதிவிலக்கு. இன்னொரு பழைய பயம் போலீஸ். தற்கொலைக்கு முயற்சி பண்றது குற்றம், பீனல் கோட் 309ஆவது பிரிவு, ஒரு வருஷம் வரை ஜெயில் இல்ல அபராதம் இல்ல ரெண்டும்னு இருந்துச்சு. 2023ல நாடாளுமன்றம் அதத் தூக்கிடுச்சு. ஆனா நெட்ல தேடிப் பாருங்க, பழைய பக்கம், பழைய வீடியோ எல்லாம் இன்னும் ‘சட்டப்படி குற்றம்’னுதான் மிரட்டிக்கிட்டு இருக்கு. மிரட்டினா தடுத்துடலாம்னு ஒரு நல்ல எண்ணம்தான், ஆனா நடந்தது என்னன்னா அவசர நேரத்துல குடும்பம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவே தயங்குச்சு. மனநலத் தகவல்ல தேதி போடறது எவ்வளவு முக்கியம்னு இந்த ஒண்ணு போதும்.

இன்னொரு பழுது அவசர எண்ல. நம்ம வீடுகள்ல பாதி நாள் சென்னை சேனல்தான் ஓடுது. தற்கொலை செய்தி வந்தா கீழ ஒரு பட்டி ஓடும், தமிழ்நாட்டு சுகாதார உதவி எண் 104, தற்கொலை தடுப்பு அமைப்பான சினேகாவோட 044ல ஆரம்பிக்கற எண். சினேகா 1986லருந்து நல்ல வேலை செய்யற அமைப்பு, ஆனா 104ஐ செந்தூல்லருந்து போட்டா சென்னைல யாரும் எடுக்கப் போறது இல்ல. அந்தப் பட்டிய அப்படியே வெட்டி நம்ம ஊரு குரூப்ல ஃபார்வர்ட் பண்றவங்கள நானே பாத்திருக்கேன். இங்க உள்ளது பிஃபிரெண்டர்ஸ்ங்கற அமைப்பு, 1970லருந்து இருக்கு, கேஎல் எண் 03-7627 2929, ராத்திரி பகல்னு இல்லாம எடுப்பாங்க, அன்னிக்கு டூட்டில இருக்கற வாலன்டியரப் பொறுத்து தமிழ்லயும் பேசலாம். சுகாதார அமைச்சோட ஹீல் லைன் 15555. அரசாங்கத்தோட இன்னொரு உதவி எண் தாலியான் காசே 15999, வீட்ல அடி உதைன்னாலும் அதே எண். உசுருக்கே ஆபத்துன்னா 999.

தற்கொலைன்னு வந்ததால இத சொல்லியே ஆகணும், நம்ம சமூகத்துல பேச யாருக்கும் புடிக்காத விஷயம். இந்த நாட்டுல 2007லருந்து 2009 வரைக்கும் எடுத்த தேசிய தற்கொலை பதிவேட்டு அறிக்கைங்கள்ல, மக்கள் தொகைக்கு எவ்வளவுன்னு பாத்தா, இந்தியர்தான் மேல இருந்தாங்க. அப்படி இருக்கும்போது நம்ம குரூப்ல என்ன ஓடுது? யாராச்சும் இறந்தா அரை மணி நேரத்துல படம், எப்படி இறந்தாங்கங்கற விவரம், எழுதி வெச்ச கடிதம், சோகப் பாட்டோட வீடியோ. 1987ல வியன்னாவுல ஒண்ணு நடந்துச்சு. சுரங்க ரயில்ல தற்கொலை கூடிக்கிட்டே போச்சு, பேப்பர்காரங்க மொத பக்கத்துல படத்தோட போட்டுக்கிட்டே இருந்தாங்க. டாக்டருங்க போயி பேசி, எப்படி எழுதலாம் எப்படி எழுதக் கூடாதுன்னு ஒரு வழிமுறை குடுத்தாங்க, பத்திரிகைங்க அத ஏத்துக்கிட்டு அடக்கி வாசிச்சாங்க. ரயில்ல நடந்த சாவு அந்த வருஷமே சரசரன்னு கொறைஞ்சுது. 2010ல அதே ஊரு ஆய்வாளருங்க இன்னொண்ணு பாத்தாங்க, சாகணும்னு நெனைச்சு அப்புறம் எப்படியோ அத தாண்டி வந்தவங்களப் பத்தின செய்தி வந்தப்ப, அதுக்கப்புறம் தற்கொலை எண்ணிக்கை கொறைஞ்சு இருந்துச்சு. ஒவ்வொரு ஃபார்வர்டரும் இப்ப ஒரு பத்திரிகைதான்ங்க, அவருக்கும் இது பொருந்தும். எப்படி இறந்தாங்கன்னு போடாதீங்க, எப்படி பொழைச்சாங்கன்னு போடுங்க.

2024 ஜூலைல இதே கேஎல்ல டிக்டாக்ல இருந்த ஒரு தமிழ்ப் பொண்ணு ஆன்லைன் வசவு தாங்காம போயிட்டா, வசை பாடினதுல ஒருத்தருக்குக் கெடச்ச தண்டனை 100 வெள்ளி அபராதம். ஊரே கொதிச்சுது, அந்த வருஷ டிசம்பர்லயே பீனல் கோட்ட திருத்தி ஆன்லைன் கொடுமைக்கு ஜெயில் தண்டனை வெச்சாங்க. தகவல் பரப்பற அதே எடத்துலதான் அடியும் விழுதுங்கறத மறந்துட்டு ‘விழிப்புணர்வு வீடியோ’ போட்டு கமென்ட்ட தொறந்து வெச்சிட்டு போயிடறவங்களுக்கு இது ஞாபகம் இருக்கணும்.

மருந்து விஷயத்துலயும் ஒரு ஓட்டை. நாம கேக்கற கேள்வி ‘அடிமை ஆயிடுவோமா’. டிப்ரஷனுக்கு இப்ப சாதாரணமா குடுக்கற செர்ட்ராலின், ஃப்ளூவோக்செட்டின் மாதிரி மாத்திரை கஞ்சா, சாராயம் மாதிரி போதையும் வெறியும் ஏத்தறது இல்ல, ஆனா திடீர்னு நிறுத்தினா தலை சுத்தல், எரிச்சல் வரும், அதனால டாக்டர் சொல்லி படிப்படியா கொறைக்கணும். அதவிட முக்கியமா ஒண்ணு இருக்கு, பக்க விளைவு மொதல்ல வரும், பலன் அப்புறம்தான் வரும். மொத வாரத்துல குமட்டல், வயிறு சரியில்லாம போறது, தூக்கம் தாறுமாறு. மனசு லேசாகறதுக்கு ரெண்டுலருந்து நாலு வாரம், சில பேருக்கு அதுக்கும் மேல. இது தெரியாத ஆளு அஞ்சாவது நாள் என்ன முடிவுக்கு வருவாரு? ‘இந்த மருந்து என்ன இன்னும் கெடுத்துருச்சு’ன்னு குப்பைல போடுவாரு. சரியானதுக்கப்புறமும் ஆறு மாசமாச்சும் தொடரச் சொல்லுவாங்க. இளசுங்களுக்கு, குறிப்பா 25 வயசுக்குக் கீழ, ஆரம்ப வாரங்கள்ல வீட்ல கொஞ்சம் கூடுதலா கவனிக்கணும், சாவு எண்ணம் கூடற மாதிரி இருந்தா அன்னிக்கே டாக்டர்கிட்ட சொல்லணும்.

சரி, பேசறது யாருன்னும் பாக்கணும். இப்ப மைக்கும் ரிங் லைட்டும் வெச்சிருக்கிற எல்லாரும் மனநல ஆலோசகர். நம்ம நாட்டுல கவுன்சலர்னு சொல்லிக்கிட்டு வேலை பாக்க 1998 சட்டப்படி பதிவு வேணும், பேருக்குப் பின்னாடி கேபி, பிஏன்னு எழுத்தும் எண்ணும் இருக்கும். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டுக்கு 2016ல வந்த வேற சட்டம். ‘லைஃப் கோச்’, ‘மைண்ட் ஹீலர்’ இதுக்கெல்லாம் அந்த மாதிரி ஒண்ணும் கெடையாது, அவங்க எல்லாரும் மோசம்னு சொல்லல, சிலர் நல்லாவே பேசறாங்க, ஆனா மருந்த நிறுத்துன்னு சொல்ற கோச்சையும் அமாவாசைக்குள்ள குணமாகும்னு சொல்ற ஆளையும் கண்டா பணப்பைய இறுக்கிப் புடிச்சிக்கோங்க. கோயிலுக்குப் போறதுல ஒண்ணும் தப்பு இல்ல, பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயில் ஏறிட்டு வந்தா எனக்கே நாலு நாளைக்கு மனசு லேசா இருக்கும். சாமியும் டாக்டரும் சண்டை போட்டுக்க வேண்டியது இல்ல. ‘கோயிலுக்கும் போங்க, கிளினிக்குக்கும் போங்க’ன்னு சொன்னா ஆளுங்க கேக்கறாங்க, ‘மூடநம்பிக்கைய விடுங்க’ன்னு ஆரம்பிச்சா அங்கயே போன வெச்சிடறாங்க.

கடைசியா நாங்க போஸ்டர தூக்கிப் போட்டுட்டு வாய்ஸ் நோட்டுக்கு மாறினோம். காரணம் சாதாரணம். மேல்படிப்ப மலாய்ல படிச்ச பசங்களுக்கு தமிழ் பேச வரும், படிக்கறது இழுபறி. தோட்டத்துல வளந்த சில ஆன்ட்டிங்களுக்கும் படிப்பு கம்மி. ரெண்டு பேருக்கும் பொதுவா இருக்கறது காது. 2019 தேசிய ஆய்வுல நாட்டுல மூணு பெரியவங்கள்ல ஒருத்தருக்கு சுகாதாரத் தகவல புரிஞ்சு பயன்படுத்தறது கஷ்டம்னு வந்துச்சு, அது மலாய், இங்கிலீஷ் படிக்கறவங்களையும் சேத்து. ஆக ஒண்ணரை நிமிஷம், பிளாட்டுல எல்லாருக்கும் தெரிஞ்ச ரிட்டையர்ட் மிஸ்ஸி (நர்ஸ்) ஒருத்தங்க குரல்ல. ‘ரெண்டு வாரமா தூக்கம் சரியில்லையா, சாப்பாடு எறங்கலையா, யார்கிட்டயும் பேசப் புடிக்கலையா? இதுக்கு மருந்து இருக்கு. கிளினிக்குக்குப் போனா ஒரு வெள்ளி. மலாய்ல கெமுருங்கான்னு சொல்லுவாங்க, பயப்படாதீங்க. அன்னிக்கே வீட்டுக்கு வந்துடலாம்.’ அப்புறம் எண், ரெண்டு தடவ, மெதுவா.

மொத தடவ பதிவு பண்ணப்ப மிஸ்ஸி ‘மன அழுத்தம்’னு பழக்கத்துல சொல்லிட்டாங்க, மறுபடி எடுத்தோம்.

அனுப்பின ராத்திரி குரூப்ல பதினோரு பதில். நோயப் பத்தி ஒண்ணும் இல்ல. நாலு கும்புடு, ரெண்டு முருகன் படம், ஒருத்தர் பினாங்குல தங்கச்சிக்கு அனுப்பலாமான்னு கேட்டாங்க, ஒருத்தர் பேத்திய கூட்டிட்டுப் போனா ஸ்கூல்ல தெரியுமான்னு கேட்டாங்க. கீழ்வீட்டு ஆன்ட்டி குரூப்ல போடல, தனியா எனக்கு ஒரு வாய்ஸ் நோட், அஞ்சு செகண்டு: ‘தம்பி, அந்த கிளினிக்குல கார் நிறுத்த எடம் இருக்குமா?’

அடுத்த பதிவுல பார்க்கிங்கயும் சேத்துட்டோம்.